அவிழ்க்க மறந்த கட்டுகள்

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, காபி குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து போகிறீர்கள். திரும்பி வந்தால், யாரும் தொடாத மெஷினில் விசிறி 'உய்ய்ய்' என்று சுற்றுகிறது. டிஸ்க் விளக்கு கண் சிமிட்டுகிறது. 'நாம ஒண்ணுமே பண்ணலையே... இது யாருக்காக இப்படி உழைக்குது?' என்று எப்போதாவது தோன்றியதுண்டா?

தோன்றியிருந்தால் நல்லது, மேலே படியுங்கள். தோன்றவில்லை என்றால், கட்டாயம் படியுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் மெனுவில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்து பாருங்கள். இடதுபக்கம் ஒரு மரம் கிளை கிளையாகப் பிரியும். கிளைக்குக் கிளை வேலைகள் தொங்கும். ஒன்று தினமும் விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்கும். ஒன்று நீங்கள் உள்ளே நுழைந்த நிமிடத்தில் கிளம்பும். இன்னொன்று, மெஷின் சும்மா இருக்கிறதா என்று காத்திருந்து, நீங்கள் எழுந்து போனதும் வேலையை ஆரம்பிக்கும். எண்ணிப் பார்த்தால் நூறைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அதில் நீங்களாக வைத்தது எத்தனை? பெரும்பாலானவர்கள் வீட்டில் ஒன்றுகூட இருக்காது.

பார்த்ததும் கை பரபரக்கும். 'நம்ம கரண்ட், நம்ம மெஷின். நம்மைக் கேக்காம யாருய்யா இவங்கள்லாம்? எல்லாத்தையும் டெலீட் பண்ணு!'

கொஞ்சம் பொறுங்கள். இது மெஷின் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமில்லை. நான் வைக்காத ஒன்று, எனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தேவையில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு எப்போது வருகிறது? சொந்தக்காரன் என்பதாலேயே வந்துவிடுகிறதா?

பின்னணியில் தானாக ஓடும் இந்த வேலைகளுக்கு கம்ப்யூட்டர்காரர்கள் வைத்த பேரைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'டீமன்'. அதாவது பூதம். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'ப்ராஜெக்ட் மேக்' குழுவினர் வைத்த செல்லப் பெயர். அவர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது இயற்பியல். 1867-ல் ஜேம்ஸ் க்ளெர்க் மாக்ஸ்வெல் ஒரு கற்பனைப் பூதத்தைப் படைத்தார். இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கதவில் அது உட்கார்ந்திருக்கும். வேகமாக வரும் மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவாக வருவதை இன்னொரு பக்கமும் அனுப்பிக்கொண்டே இருக்கும். யார் கண்ணிலும் படாது. லீவும் கேட்காது. கம்ப்யூட்டருக்குள் ஓயாமல் உழைக்கும் வேலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா?

அமெரிக்கா வரை ஏன் போக வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத காவலைக் கட்டி வைக்கும் உத்தியோகமே நம் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு காலத்தில் இருந்தது. அந்த உத்தியோகஸ்தருக்குப் பெயர் 'கடல்கட்டி'. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்.

திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். பழைய பாண்டியத் துறைமுகமான கொற்கை, ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடலை விட்டு உள்ளே தள்ளிப் போனது. பிறகு காயல் எழுந்தது. அதற்கும் பிறகு போர்ச்சுகீசியர் காலத்தில் இந்தக் கரையின் முக்கியமான ஊராகப் புன்னைக்காயல் இருந்தது. ஊர்கள் மாறின, கொடிகள் மாறின. ஆனால் முத்துக்குளிக்கிற முறை நூற்றாண்டுக்கணக்கில் அப்படியேதான் இருந்தது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்க வேண்டும். சுமார் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். கீழே சுறா இருக்கலாம்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இந்தத் தொழிலின் வரவு செலவைக் குறித்து வைத்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் கடிக்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு! நூற்றுக்கு ஐந்து. ராஜா வாங்குவதில் பாதி. சும்மா சொல்லக்கூடாது, நல்ல சம்பளம்தான்.

அதைவிட சுவாரசியமான தகவல் ஒன்றையும் அவர் சொல்கிறார். இந்த மந்திரக் கட்டு பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆனதும் அவிழ்த்துவிடுவார்கள். ஏன்? அவருடைய நூலின் ஒரு பாடத்தில் காரணமும் இருக்கிறது. ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக முங்கிச் சிப்பி எடுத்துவிட்டால்? கட்டை அவிழ்த்துவிட்டால், சுறா பயத்தில் எவனும் இறங்கமாட்டான். காலையில் ஆரம்பித்து மாலையில் முடிகிற வேலை. ஆரம்ப நேரம் இருக்கிறது, முடியும் நேரமும் இருக்கிறது. இன்றைக்கு டாஸ்க் ஷெட்யூலரில் வேலை எழுதுகிறவர்கள் பலர் செய்யாததை அந்த மந்திரவாதிகள் செய்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு வருவோம்.

இனி ஒரு ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது வருஷம் தாண்டுங்கள். போர்ச்சுகீசியர் வந்து போயாகிவிட்டது. டச்சுக்காரர் வந்து போயாகிவிட்டது. பிரிட்டிஷ் ராஜ்ஜியம் நடக்கிறது. கடல்கட்டி மட்டும் அதே இடத்தில்! மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், இலங்கையில், ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட் என்ற அதிகாரி முத்துக்குளிப்பைப் பார்க்கப் போனார். 1859-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவர் எழுதியிருப்பதைப் படித்தால் சிரிப்பும் வரும், யோசனையும் வரும்.

கடல்கட்டி வந்து மந்திரம் போடாமல் குளிப்பே தொடங்காது. அந்தச் சக்தி பரம்பரையாக வருவது. அந்தக் குடும்பத்தின் அப்போதைய தலைவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அதனால் மந்திரத்துக்கு மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. டென்னென்ட் போன சமயம் அவருக்கு உடம்பு சரியில்லை. தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் டென்னென்ட்டிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டார்... அந்தப் பெரிய ரகசியம் தனக்குத் தெரியாதாம். ஆனாலும், பெரியவருடைய பிரதிநிதியாக வந்திருப்பதால் சுறாக்கள் மரியாதை கொடுக்குமாம்!

மந்திரம் இல்லை. மந்திரம் போடுகிறவரும் இல்லை. அவர் அனுப்பிய ஆள் மட்டும் இருக்கிறார். வேலை 'நடந்துகொண்டிருக்கிறது'.

அந்தக் காலத்து வெகுளித்தனம் என்று சிரிக்கிறீர்களா? உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

விண்டோஸின் உயிர்நாடி 'ரெஜிஸ்ட்ரி'. மெஷினில் இருக்கும் எல்லா ஏற்பாடுகளும் எழுதப்பட்ட பேரேடு. அது கெட்டுப்போனால் மெஷின் எழுந்திருக்காது. அதனால் அதற்கு ஒரு நகல் எடுத்து 'ரெக்பேக்' என்ற போல்டரில் போட்டுவைக்க, ஷெட்யூலரில் ஒரு வேலை இருந்தது. 2018-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 என்ற பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த நகலெடுப்பை நிறுத்திவிட்டது. டிஸ்க்கில் இடம் மிச்சப்படுத்துவதற்காக, தெரிந்தே செய்த மாற்றம்தான் என்று பின்னால் விளக்கமும் கொடுத்தது. சரி, நிறுத்தியது நிறுத்தியதுதானே? அதுதான் இல்லை. அந்த வேலை பட்டியலில் தொடர்ந்து இருந்தது. நேரத்துக்கு ஓடியது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அறிக்கையும் கொடுத்தது. போல்டரைத் திறந்தால் கோப்புகளின் பெயர்கள்கூட இருந்தன. ஒவ்வொன்றின் அளவு மட்டும் பூஜ்யம்.

2019-ல் சிலர் உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பரவலாக வெளியே வந்தது. அதுவரை 'நகல் இருக்கு, பயமில்லை' என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள் எத்தனை பேரோ! அதிலே வேடிக்கை, அந்த நிம்மதி நிஜம். நகல்தான் இல்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். கடல்கட்டியால் சுறாவின் வாய் கட்டப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் தேவையில்லாத ஆளா?

உடனே 'ஆமாம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் முத்துக்குளிப்பை நடத்திய அதிகாரிகளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கடல்கட்டியை வைத்துக்கொண்டார்கள். ஏனென்றால் அவர் இல்லாவிட்டால் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார். இறங்காவிட்டால் முத்து இல்லை, வருமானம் இல்லை. ஆக, அவர் வேலை சுறாவிடம் இல்லை, மனிதரிடம். கடலைக் கட்டவில்லை, பயத்தைக் கட்டினார். நாள் முழுக்க முங்கி எழுந்து உயிரைப் பணயம் வைக்கும் ஒருவருக்குத் தைரியம் என்பது சின்ன விஷயமா? கரையில் குடை பிடித்து நிற்கிறவர் அதை 'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். இறங்குகிறவர் எப்படித் தள்ளுவார்?

இதுவரை கடல்கட்டி பக்கம் நியாயம் இருக்கிறது. கதை இங்கேயே முடிந்திருந்தால், 'ஓடுவதெல்லாம் ஓடட்டும், யாருக்காவது நிம்மதி கிடைக்கும்' என்று நாமும் முடித்துவிடலாம். ஆனால் தூத்துக்குடியில் 1890-ல் ஒரு சம்பவம் நடந்தது. எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். முத்துக்குளிப்பின்போது ஒருவரைச் சுறா கடித்துவிட்டது. எல்லோருக்கும் பீதி. மந்திரம் தெரிந்த ஒரு பெண்மணியை அமர்த்தினார்கள். பீதி அடங்கியது. மறுபடி இறங்கினார்கள். மறுபடி கடித்தது. ஒருவரை இல்லை, மேலும் சிலரை. நல்ல காற்று, தெளிந்த தண்ணீர், போதுமான படகுகள், சிப்பிக்கு நல்ல விலை... எல்லாம் கூடி வந்த நேரத்தில் அந்த வருஷக் குளிப்பைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று.

பீதி அடங்கியது என்ற இடத்தைக் கவனியுங்கள். சுறா அங்கேயே இருக்க, பயம் மட்டும் போய்விட்டது. பயம் இருந்திருந்தால் சில நாள் இறங்காமல் இருந்திருப்பார்கள். பூஜ்ய அளவுக் கோப்பும் இதைத்தான் செய்தது. அது இல்லாமலே போயிருந்தால், 'ஐயோ, நகல் இல்லையே' என்று நாமே ஒரு நகல் எடுத்து வைத்திருப்போம். வெறுமனே ஓடும் வேலை கரண்டைச் சாப்பிடுவது பெரிய நஷ்டமில்லை. நம்முடைய ஜாக்கிரதையைச் சாப்பிட்டுவிடுகிறதே, அதுதான் நஷ்டம்.

'அப்ப சரி, எல்லாத்தையும் நிறுத்திடலாம்' என்று மவுஸைப் பிடிக்காதீர்கள். அதே படகில் இன்னொருவர் இருக்கிறார்.

குளிக்கிறவர் கீழே போனதும், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். வெயிலில் உட்கார்ந்து கடலை வெறித்துக்கொண்டு... இவருக்கு எதற்குப் பங்கு? ஆனால் கீழே இருந்து கயிறு லேசாக அசைந்தால் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் அவர் கடிகாரத்துக்கு வேலை செய்கிறவர் அல்ல. ஏதாவது நடந்தால் வேலை செய்கிறவர். நாள் முழுக்க ஒன்றும் நடக்காவிட்டாலும் அவர் வேலை பார்த்ததாகத்தான் அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். பார்களைப் போய்ப் பார்த்து, மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவைத்து, உள்ளே இருக்கும் முத்தை எண்ணி மதிப்புப் போட்டு, தேறும் என்று தெரிந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். பெரும்பாலான வருஷங்களில் பதில் 'இல்லை' என்பதுதான். 1928-க்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் அடுத்த குளிப்பு நடந்தது 1955-ல். அந்தத் தொடரும் 1961-ல் முடிந்தது. இதற்கு நடுவே, 'வருஷா வருஷம் இல்லைன்னுதானே வருது, பார்க்கறதையே விட்டுடலாமே' என்று ஒரு சிக்கனக்காரர் சொல்லியிருந்தால்? கேட்க நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பார்க்காமல் விட்டால், 'ஆமாம்' என்று பதில் வரவேண்டிய வருஷம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஒரே கடல், ஒரே தொழில். பணம் வாங்குகிற ஒருவர் கட்டியது பயத்தை மட்டும். சும்மா இருக்கிற இன்னொருவர் பிடித்திருப்பது உயிரை. வெறுங்கையோடு திரும்பும் ஆய்வாளர் சொல்லும் 'இல்லை'யிலும் ஒரு பயன் இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். கிட்டே போய் விசாரித்தால்தான் வித்தியாசம்.

அப்படி விசாரிக்கும் வழியைச் சொல்கிறேன். ஷெட்யூலரில் ஒரு வேலையைத் தொட்டால் அதன் ஜாதகமே கிடைக்கும். யார் எழுதியது, எப்போது கிளம்பும், கடைசியாக எப்போது ஓடியது, என்ன பலன், எந்த நிரலை எழுப்புகிறது. இதைப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சில வேலைகளுக்கு எஜமான் செத்துப்போயிருப்பார். எப்போதோ ஒரு பிரிண்டர் வாங்கினீர்கள். அதோடு வந்த மென்பொருளை அப்புறம் நீக்கிவிட்டீர்கள். அது வைத்துவிட்டுப் போன வேலை மட்டும் தினமும் எழுந்து, இல்லாத நிரலைத் தேடி, 'கோப்பைக் காணோம்' என்று பதிவு செய்துவிட்டுத் திரும்பப் படுக்கும். இவற்றைத் தாராளமாக வழியனுப்பலாம்.

சில, உங்கள் மெஷினில் அடுத்தவர் வேலையைப் பார்க்கும். நீங்கள் என்னென்ன மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்ற விவரத்தைத் திரட்டிக் கம்பெனிக்கு அனுப்புவது ஒரு வகை. தீய நிரல்கள் ஷெட்யூலரில் ஒளிந்துகொண்டு, விரட்ட விரட்டத் திரும்ப முளைப்பது இன்னொரு வகை. முதலாவதற்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்று யோசித்து முடிவெடுங்கள். இரண்டாவது வகையில் யோசிக்க ஒன்றுமில்லை.

சில வேலைகளுக்குப் பேர் ஒன்று, தொழில் வேறு. 'டீஃபிராக்' என்று ஒரு வேலை இருக்கும். பழைய சுழலும் டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்த வந்தது. 'உன்கிட்ட இருக்கறது எஸ்.எஸ்.டி., இதுக்கு டீஃபிராக் பண்ணா ஆயுசு குறையும், தூக்கிப் போடு' என்பார் விவரமான நண்பர். ஆனால் எஸ்.எஸ்.டி. இருக்கும் மெஷினில் அதே வேலை முக்கியமாகச் செய்வது 'ட்ரிம்'. அதாவது, நீங்கள் அழித்த இடங்கள் எவை என்று டிஸ்க்கிடம் சொல்லி அதை ஆரோக்கியமாக வைத்திருப்பது. பழைய போர்டைப் பார்த்துக் கடையை இடித்துவிடாதீர்கள்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பல, மெஷின் சும்மா இருக்கும்போது மட்டுமே ஓடும்படி எழுதப்பட்டவை. அத்தனையையும் நிறுத்தினாலும் உங்கள் மெஷின் குதிரையாகிவிடாது. மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். குறைந்த நினைவகம், பழைய டிஸ்க், பிரவுசரில் நீங்கள் திறந்து மூடாமல் வைத்திருக்கும் நாற்பது பக்கங்கள்! அடுத்தவரை வெளியேற்றுவதில் இருக்கிற உற்சாகம் நம் சொந்த மூட்டையைக் குறைப்பதில் நமக்கு வருவதில்லை.

புன்னைக்காயலில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கப்பல் வேலைக்குப் போகும் அண்ணன், கிளம்புகிற அன்று ராத்திரி வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு வேலை எழுதி வைக்கிறான். ஞாயிறுதோறும் போட்டோக்கள் எல்லாம் தனியாக ஒரு டிஸ்க்குக்கு நகலாக வேண்டும். மறைந்துபோன அப்பாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தவன், அவசரத்தில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, கேம் சிக்கிச் சிக்கி ஓடுகிறதே என்று கோபப்பட்ட தம்பி பட்டியலைத் திறக்கிறான். 'இது என்னது, நம்ம வைக்கலையே?' டெலீட்.

யார் மேல் தப்பு? கேட்காமல் அழித்த தம்பி மேலா, சொல்லாமல் வைத்த அண்ணன் மேலா? தம்பிக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை. ஆனால் என்றாவது டிஸ்க் படுத்துவிட்டால், அம்மா பார்க்க அப்பாவின் முகம் இருக்காது. என்னைக் கேட்டால், வைக்கிறவருக்கு ஒரு கடமை, எடுக்கிறவருக்கு ஒரு கடமை. வைக்கிறவர் 'இது இன்னாருக்காக, இதுவரைக்கும்' என்று சொல்லி வைக்க வேண்டும். வேலைக்குப் பெயர் வைக்கும் இடத்திலேயே விளக்கம் எழுதவும் ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் நிரப்புவதில்லை. எடுக்கிறவர் 'இது யாருக்காக?' என்று விசாரித்த பிறகே கை வைக்க வேண்டும். விசாரிக்க ஆள் கிடைக்காவிட்டால்? டெலீட்டுக்குப் பக்கத்திலேயே 'டிஸேபிள்' இருக்கிறது. அழிக்காமல் நிறுத்தி மட்டும் வையுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மாசத்துக்கு ஒருமுறை ஓடும் வேலைகளும் உண்டு என்பதால் இரண்டு மாசம் பொறுங்கள். யாருக்கும் எதுவும் குறையவில்லை என்றால் அப்புறம் அழித்துக்கொள்ளலாம். திரும்பி வர ஒரு வழி வைத்துவிட்டு எடுக்கிற முடிவில் கொஞ்சம் பணிவு இருக்கிறது.

'மனசும் ஒரு கம்ப்யூட்டர்தான்' என்று சொல்லி முடித்துவிடுவேனோ என்று பயப்படாதீர்கள். மனசு வேறு, மெஷின் வேறு. ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே...

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எழுந்து போய், கேஸ் மூடியிருக்கிறதா, கொல்லைக் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார் அம்மா. முப்பது வருஷமாகப் பார்க்கிறார். எப்போதும் மூடித்தான் இருக்கிறது. 'எதுக்கும்மா தினமும் இது?' என்கிறோம். பார்களைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று வந்து சொன்ன ஆய்வாளரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் ஒரு மூலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 'இவர் என்ன சார் பண்றார்?' என்று புதிதாக வந்த அதிகாரி கேட்கிறார். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆளை அனுப்பிய பிறகுதான், கயிறு பிடித்திருந்தது யார் என்று தெரியும். பார்வையில் படாத உழைப்பைத் தேவையில்லாத உழைப்பு என்று நினைத்துவிடுவது சுலபம். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது, பெரும்பாலும் கீழே முங்கியிருப்பவர்.

அதே வீட்டில் இன்னொன்றும் ஓடும். 'அந்தச் சித்தப்பா வீட்டோட நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.' ஏன்? 'என்ன சண்டைன்னு தாத்தாவுக்குத்தான் தெரியும்.' தாத்தா போய்ப் பல வருஷமாகிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு சாவிலும் அந்த வேலை மட்டும் தவறாமல் எழுந்திருக்கிறது. காரணத்தைத் தேடுகிறது. 'கோப்பைக் காணோம்.' இருந்தாலும் பத்திரிகையில் அந்தப் பெயர் விடுபட்டுவிடுகிறது. இதை நிறுத்த யாரைக் கேட்க வேண்டும்? கட்டியவர் இல்லை. அவிழ்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே, எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்றும் சொல்லவில்லை. விசாரி என்கிறேன். ஒரு வேலை ஓடுகிறது என்பதே அதற்கு நியாயமாகிவிடாது. நிம்மதி தருகிறது என்பதும் போதாது. அது என்ன விட்டுச் செல்கிறது என்று யாராவது ஒருவர் அவ்வப்போது போல்டரைத் திறந்து பார்க்க வேண்டும்.

இப்போது அந்தச் சாயங்கால விஷயத்துக்கு வருகிறேன். மார்க்கோ போலோ பார்த்த மந்திரவாதிகளுக்குச் சக்தி இருந்ததோ இல்லையோ, ஒரு நல்ல பழக்கம் இருந்தது. காலையில் கட்டியதை மாலையில் அவிழ்த்தார்கள். மறுநாள் வேண்டுமென்றால் மறுபடி வந்து கட்ட வேண்டும். கட்டும்போதெல்லாம் 'இன்றைக்கும் இது வேண்டுமா?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். நாமோ கட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நாம் போன பிறகும் அது ஓடுகிறது.

ஷெட்யூலரில் ஒரு வேலைக்கு நேரம் குறிக்கும் இடத்தில், கீழே சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. 'எக்ஸ்பயர்'. இந்தத் தேதியோடு இது முடிந்துவிடட்டும் என்று சொல்லும் கட்டம். டிக் செய்யாவிட்டால் காலம் முழுக்க ஓடும். அடுத்த முறை நீங்கள் ஒரு வேலை எழுதும்போது அந்தக் கட்டத்தில் ஒரு தேதி போடுங்கள். அடுத்த முறை யாரோடாவது கோபித்துக்கொள்ளும்போதும் ஒரு தேதி போட்டுவிடுங்கள். பொங்கல் வரை, அல்லது மாதா கோயில் கொடியேற்றம் வரை. அதற்கப்புறமும் அந்தக் கோபம் வேண்டுமென்றால், நீங்களே போய்ப் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள்.